ஒன்பது மணி ஆடு

பச்சையம்மாளுக்கு ரகசியம் பேச வராது. அவர் வேலையே ரகசியம் பேசுவதுதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் எச்ஐவி உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் மையம் ஒன்றில் நானும் அவரும் வேலை செய்கிறோம். என் பெயர் காசிநாதன், மருந்தாளுநர். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டப்பாவை நீட்டுவதோடு என் கடமை முடிந்தது. நீட்டிய டப்பாவில் இருப்பதை ஒரு நாளும் விடாமல் ஆட்களை விழுங்க வைப்பது பச்சையம்மாளின் வேலை. அவர் அறைக் கதவில் 'ஆலோசகர்' என்று போர்டு தொங்குகிறது. ஆனால் ஜனங்கள் 'அந்த சத்தம் போடற அம்மா எங்க?' என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை. அப்புறம் எம்.ஏ. படித்தார், பயிற்சி எடுத்தார். தொண்டை மட்டும் எதையும் படிக்கவில்லை. அவர் காதோடு காதாகச் சொல்வது பஸ் ஸ்டாண்டில் கேட்கும். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பதோ வெறும் பிளைவுட் தட்டி. வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள், நம் கதையும் இப்படித்தான் ஊருக்குக் கேட்கும் என்று எழுந்து போகாமல் என்ன செய்வார்கள்?

கடைசியில் வீட்டிலிருந்து ஒரு பழைய டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து வைத்தார். அது ஓட ஆரம்பித்தால் நெல் மிஷின் தோற்றுவிடும். அவர் என்ன கத்தினாலும் வெளியே பெஞ்சுக்குக் கேட்காது. ஆனால் உள்ளே போனவர்கள் தலைமுடி பறந்து, கண்ணில் தண்ணீர் வழிய வெளியே வருவார்கள். ஐயோ பாவம், மனசு விட்டு அழுதிருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பாதிப் பேருக்கு அது ஃபேன் காற்று.

தட்டிக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் ஃபேனையும் மீறிக் கேட்கும். எல்லோருக்கும் ஒரே பாடம்தான்.

"இத பாருங்க, இந்தக் கிருமி ஆடு மாதிரி. கொல்ல முடியாது, பட்டியில அடைச்சி வைக்கலாம். மாத்திரைதான் படலு. டெய்லி சாத்தணும். இன்னிக்கி ஒரு நாள்தானன்னு தொறந்து வுட்டீங்க, உள்ள இருக்கறது சும்மா இருக்குமா? மேஞ்சிடும். மேஞ்சி ருசி கண்டுச்சின்னா அப்பறம் நீங்க படல சாத்தினாலும் தாண்டிக் குதிக்கும். இந்த மாத்திரை கேக்காது. சாத்தியே வையுங்க, அது பாட்டுக்கு உள்ள படுத்துக் கெடக்கும். நீங்க கல்யாணம் கட்டலாம், புள்ள பெத்துக்கலாம், பேரன் எடுக்கலாம். இன்னா, புரிஞ்சிதா?"

பல வருஷமாக இதைக் கேட்டு எனக்குக் கனவில் ஆடு வருகிறது.

அத்தோடு விட்டாரா? மாத்திரை நேரத்துக்கு எல்லோருடைய செல்போனிலும் அலாரம் வைத்துக் கொடுத்தார். ஒருவர் சாமி பாட்டு வைத்துக்கொண்டார்; அது பாடும்போதெல்லாம் அவர் மாமியார் விளக்கேற்ற ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் மணியோசை வைத்தார். வீட்டில் உள்ள பிள்ளைகள் 'எதுக்குப்பா மணி அடிக்குது?' என்று பிய்த்தெடுத்தன. பச்சையம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு வெள்ளாட்டின் வாயருகே போனை நீட்டி அதன் குரலைப் பதிவு செய்தார். ஆடு போனைத் தின்னப் பார்த்தது தனிக் கதை. அந்தக் குரலையே எல்லோருடைய போனிலும் ஏற்றிவிட்டார். ஆடு கத்தினால் இந்த ஜில்லாவில் எவன் திரும்பிப் பார்க்கப் போகிறான்?

நல்ல யோசனைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரம் வைத்தாரே, அதுதான் வம்பு. காலை ஒன்பது மணி. எங்கள் மையம் திறக்கிற நேரமும் அதுதான். நான் ஜன்னலைத் திறந்ததும் பெஞ்சு முழுக்க 'ம்ம்மே' என்று ஒரே குரலில் கத்தும். பையில் ஒன்று, மடியில் ஒன்று, ரவிக்கைக்குள் ஒன்று.

"ஏம்மா, இது மருந்து குடுக்கற எடமா, ஆட்டுச் சந்தையா? ஆளுக்கு ஒரு நேரம் வச்சா இன்னா?" என்று சண்டைக்குப் போனேன்.

"ஆளுக்கு ஒரு நேரம் வச்சா எனக்கு எங்கண்ணே ஞாபகம் இருக்கும்? ஒம்போதுன்னா ஒம்போது. கூழோ சோறோ குடிச்சிருப்பாங்க. நானும் அப்பதான் பிரஷர் மாத்திரை போடறேன்" என்று தன் பையைத் தட்டிக் காட்டினார். அதற்குள்ளும் ஓர் ஆடு இருந்தது.

மாத்திரை வாங்க வராமல் நின்றுபோகிறவர்களை ஊருக்கே தேடிப் போவதும் அவர் வேலையில் சேர்த்தி. இதில்தான் அவர் சிக்கிக்கொண்டார். ஊருக்குள் போய் 'நான் எச்ஐவி சென்டரில் இருந்து வர்றேன்' என்று சொல்ல முடியுமா? வேறு வேஷம் கட்ட வேண்டும். முதலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று போனார். அவரைக் கண்டதும் ஊரே கதவைச் சாத்தியது. மகளிர் குழு என்று போனார். லோன் எப்போது வரும் என்று வழி மறித்தார்கள். ஒரு ஊரில் சர்க்கார் அதிகாரி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பட்டா மாற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும்வரை வெளியே வர முடியவில்லை.

அப்புறம் அமைந்ததுதான் கல்யாணத் தரகர் வேஷம். யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. தரகர் அடிக்கடி வரலாம். ஆளைத் தனியே கூப்பிட்டுப் பேசலாம். குடிப்பாரா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்கலாம். ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள், மேற்கொண்டு மோர் வேறு கொடுப்பார்கள். ஊருக்குள் ஃபேன் கிடையாதே, அதனால் மாத்திரைக்கு 'ஜாதகம்' என்று பேர் வைத்துக்கொண்டார்.

"ஜாதகம் டெய்லி பாக்கறீங்களா?"

"பாக்கறேங்க. காலங்காத்தால பாத்தா வயித்தக் கலக்குதுங்க."

"ஆகாரத்துக்கு அப்பறம் பாருங்க. தீந்து போறதுக்கு முன்னாடி வந்து வாங்கிக்கணும், இன்னா?"

வேலி ஓரம் நின்று இதைக் கேட்ட ஒரு கிழவர், படித்தவர்கள் ஜாதகம் பார்ப்பதே வேறு மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

ஆனால் வேஷம் கட்டினால் ஆடித்தானே ஆக வேண்டும்? அந்த ஊர்களில் இருந்த மற்ற வீட்டுக்காரர்களும் 'எங்க பொண்ணுக்கும் பாரேன், எங்க பையனுக்கும் பாரேன்' என்று போட்டோவைக் கையில் திணித்தார்கள். அவர் பை வீங்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் இந்த ஊர்ப் பையனை அந்த ஊர்ப் பெண்ணுக்குச் சொன்னார். கல்யாணமும் நடந்துவிட்டது. அப்புறம் இன்னொரு கல்யாணம். எங்கள் மையத்துக்கும் அந்த வீடுகளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சங்கராபுரத்திலிருந்து திருக்கோவிலூர் வரை பச்சையம்மாள் என்றால் ராசியான தரகர் என்று பேராகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் கொளஞ்சியப்பன் மாத்திரையை நிறுத்தினார்.

அவர் மலையடிவாரத்துக்காரர். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை, அக்கா ராஜாம்பாளோடு ஒரே வீட்டில் இருக்கிறார். எப்படி வந்தது என்று நாங்கள் யாரையும் கேட்பதில்லை, அவரையும் கேட்டதில்லை. முன்பு ஒரு தடவை இப்படித்தான் விட்டுவிட்டு, குச்சி மாதிரி ஆகி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அப்போது பிழைத்ததே பெரிய விஷயம். பச்சையம்மாள் அலறியடித்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஓடினார், தரகர் பையோடு.

ஜீப்புக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "யாருக்கோசரம்மா போடணும்? நான் மாத்திரை போட்டா யாருக்கு இன்னா ஆவப் போவுது?"

இந்தக் கேள்விக்கு ஆட்டுப் பாடத்தில் பதில் இல்லை. பச்சையம்மாளுக்கு முதல் தடவையாகக் குரல் சின்னதாகிவிட்டது என்று அவரே என்னிடம் சொன்னார். "எனக்கோசரம் போடு. நான் வந்து வந்து கேப்பேன், அந்தத் தொல்லைக்கோசரமாவது போடு" என்று மன்றாடிவிட்டு வந்தாராம். அப்புறம் விடாமல் போனார். மனிதரும் அந்தத் தொல்லைக்குப் பயந்து மறுபடி ஆரம்பித்தார்.

ராஜாம்பாளுக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா தரகரம்மா, எத்தினி தபா வந்துட்ட! ஒரு பொண்ணு காட்டல. வந்தா என் தம்பிய தனியா இட்டுக்கினு போயி கொசகொசன்னு பேசற. நீயே கட்டிக்கலாம்னு பாக்கறியா?"

"ஐயோ யக்கா, எனக்கு மருமவனே வந்தாச்சி. நட்சத்திரம் ஒத்துப் போவணும்ல?"

"இன்னா பெரிய நட்சத்திரம்! அந்தப் பையிலதான் ஜில்லாவே கீதே!"

அடுத்த தடவை பச்சையம்மாள் ஜீப்புக்குப் பின்னால் ஜாதகம் விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், ராஜாம்பாள் பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரு போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தப் பொண்ண ஏன் எனக்குக் காட்டல? லட்சணமா கீதே! எங்க ஜனம்தான்னு பின்னாடி எழுதியும் கீது. இதான். இதத்தான் பாக்கப் போறோம்."

பச்சையம்மாளுக்கு மயக்கம் வராத குறை. அந்தப் போட்டோ செந்தமிழ்ச்செல்வியுடையது.

செந்தமிழ்ச்செல்வி திருக்கோவிலூரில் ஒரு தையல் கடையில் வேலை செய்பவர். லாரி ஓட்டிய புருஷன் இறந்தபோதுதான் தனக்கும் எச்ஐவி இருப்பது தெரிந்தது. எங்கள் ஜன்னலில் மாத்திரை வாங்குகிறவர். அவர் அம்மாவுக்கு இது தெரியாது. அந்த வீட்டுக்கும் பச்சையம்மாள் தரகராகத்தான் போவார். மகளுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று அம்மா கெஞ்சிக் கொடுத்த போட்டோ, பையில் மற்றதோடு மற்றதாகக் கிடந்திருக்கிறது.

மறுநாள் ஃபேன் கூடப் போடாமல் பச்சையம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இதுல இன்னாம்மா கஷ்டம்?" என்றேன். "ரெண்டு பேருமே நம்ம ஆளுங்க. சொல்லிட்டா முடிஞ்சிது. பழம் நழுவிப் பால்ல வுழுந்த கதை."

"ஒருத்தர் சங்கதிய இன்னொருத்தர்கிட்ட நான் எப்படிண்ணே சொல்லுவேன்? என்னை நம்பித்தான வாயத் தொறந்தாங்க?"

"சொல்ல வேணாம். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல மாத்திரைக்கு வரச் சொல்லு. பெஞ்சுல பாத்துக்குவாங்க."

"அதுவும் சொல்றதுதான். வாயால சொல்லாம கையால சொல்றது" என்று என் மேல் விழுந்து பிடுங்கினார். அறிவுரை சொல்லப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசிப் பார்த்தார். சேர்த்து வைப்பதற்கு முன் உங்கள் வாயாலேயே அந்தப் பக்கம் சொல்லிவிட வேண்டும், மறைத்துக் கட்டினால் நான் அந்தக் கல்யாணத்தில் இருக்க மாட்டேன் என்றார். செந்தமிழ்ச்செல்வி, "சொன்னா அந்த ஆளு எந்திரிச்சி ஓடிடுவாரு. ஊரெல்லாம் சொல்லிடுவாரு" என்று அழுதார். பையில் எல்லா வீட்டுப் போட்டோவும் இருப்பது இருவருக்கும் தெரியும், அதனால் எதிராளியைப் பற்றிச் சந்தேகமே வரவில்லை. பார்க்க வருகிறவர் ஏதோ வெளி வீட்டு ஆள் என்றே இரண்டு பேரும் நடுங்கினார்கள்.

கொளஞ்சியப்பன் இன்னும் ஒரு படி மேலே போனார். "அக்காகிட்ட மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேக்கும். பொண்ணுகிட்ட சொன்னா ஊரு சிரிக்கும். சொல்லாம கட்டினா பாவம். ஒரு தபா வந்து பாக்கறேம்மா. என்னால வாயத் தொறந்து சொல்ல முடியலன்னா, அன்னிக்கே பெங்களூருக்கு பஸ் ஏறிடுவேன். இந்த மாத்திரையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்."

அவர் சொன்னால் செய்கிற ஆள். பெங்களூரு போனால் அவருக்காக யார் வந்து வந்து தொல்லை கொடுப்பார்கள்? படல் திறந்துதான் கிடக்கும்.

பெண் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலண்டரில் நல்ல நேரம் எட்டரைக்கு முடிகிறது. பச்சையம்மாள் என்னைத் தன் அண்ணன், பெரிய தரகர் என்று ராஜாம்பாளிடம் சொல்லி வைத்திருந்ததால் நானும் போய்த் தொலைய வேண்டியதாகிவிட்டது. கொளஞ்சியப்பன்தான் ஜீப்பை ஓட்டினார். பின் சீட்டில் என் காலடியில் ஒரு ரெக்சின் பை கிடந்தது. உள்ளே துணிமணி. பெங்களூருப் பை அதுதான் என்று புரிந்ததும் பச்சையம்மாள் அதன் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார், அது இறங்கி ஓடிவிடும் என்பது போல.

ராஜாம்பாள் மடியில் ஒரு சாக்கு தேங்காய். வழியில் பிள்ளையார் தென்பட்ட இடத்திலெல்லாம் ஜீப்பை நிறுத்தி ஒன்று உடைத்தார். திருக்கோவிலூர் போகிற வழியில் இத்தனை பிள்ளையார் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நல்ல நேரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தோம்.

செந்தமிழ்ச்செல்வியின் அம்மா வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரர் பாவாடையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சிரிப்புக்கு மாறினார். "வாங்க வாங்க. ஒண்ணுமில்லீங்க, இந்தப் பாவாடையோட ஆடு டெய்லி எங்க முருங்கையத் தின்ன வந்துடுது. கத்தற சத்தம் மட்டும் கேக்குது, போய்ப் பாத்தா ஆளக் காணோம். இன்னிக்கி நல்ல காரியம், கட்டி வைய்யான்னு சொல்லிக்கினு இருந்தேன்."

எனக்கு விஷயம் அப்போதே புரிந்திருக்க வேண்டும். கேசரி வாசனையில் மூளை வேலை செய்யவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். செந்தமிழ்ச்செல்வி காபித் தட்டோடு வந்தார். என்னைப் பார்த்தார். நான் தன்னைக் காட்டிக் கொடுக்க வந்திருக்கிறேனோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. கொளஞ்சியப்பனும் அதே பயத்தோடு என்னை முறைத்தார். மாதாமாதம் என் ஜன்னலில் 'சீக்கிரம் குடுங்க சார்' என்று சண்டை போடுகிற இரண்டு பேரும், யாரோ புது மனிதனுக்குக் கொடுப்பது போல எனக்கு வணக்கம் வைத்தார்கள். நானும் முகத்தை அரிசி மூட்டை மாதிரி வைத்துக்கொண்டேன்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்சம் தனியா பேசட்டும். இப்பல்லாம் அதான் பேஷன்" என்றார் பச்சையம்மாள்.

இருவரும் பின்பக்கம் முருங்கை மரத்தடிக்குப் போனார்கள். நாங்கள் ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டோம். கொளஞ்சியப்பன் மரத்தைப் பார்த்தார். செந்தமிழ்ச்செல்வி கால் கட்டை விரலைப் பார்த்தார். பின்னால் விசாரித்ததில், பேசியது இவ்வளவுதான் என்று தெரிந்தது. இந்த முருங்கை காய்க்குமா என்று கொளஞ்சியப்பன் கேட்டிருக்கிறார். காய்க்கும் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஜீப் மலையில் மைலேஜ் கொடுக்குமா என்று இவர் கேட்டிருக்கிறார். கம்மியாகத்தான் கொடுக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். மறுபடி முருங்கை.

"வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்யா" என்று பச்சையம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டார். தனக்குள் என்றால், தெருவுக்கே கேட்டது.

"இன்னாது?" என்றார் ராஜாம்பாள்.

"கொட்டாவிக்கா."

அவர்கள் திரும்பி வந்தார்கள். கொளஞ்சியப்பன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. செந்தமிழ்ச்செல்வி நேரே சமையல் அறைக்குள் போய்விட்டார். கொளஞ்சியப்பன் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, கெளம்பலாம். என்னைத் திருக்கோவிலூரு பஸ் ஸ்டாண்டுல வுட்டுடுங்க. எனக்கு ஒரு எடத்துக்குப் போவணும். ஜீப்ப நம்ம ஊரு டிரைவர் யாராவது வந்து எடுத்துக்குவாங்க."

"இன்னாடா பேசற? கேசரி கூட திங்கல!"

பச்சையம்மாள் என் கையைப் பிடித்தார். ஏதாவது சொல்லுங்கண்ணே என்று கண்ணால் கெஞ்சினார். நான் கேசரித் தட்டை எடுத்து நீட்டிப் பார்த்தேன். கொளஞ்சியப்பன் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டார்.

மணி ஒன்பது.

"ம்ம்ம்மே" என்றது அவர் சட்டைப் பை.

"ம்ம்ம்மே" என்றது சமையல் அறையில் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒன்று.

"ம்ம்ம்மே" என்றது பச்சையம்மாளின் தரகர் பை.

அதே ஆடு. அதே மூச்சு, அதே இழுப்பு, முடிவில் போனைத் தின்னப் பார்க்கும்போது வரும் அதே கடைசிக் கனைப்பு.

"வந்துடுச்சி பாரு!" என்று செந்தமிழ்ச்செல்வியின் அம்மா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். "பாவாடை! நல்ல காரியம் நடக்கற நேரத்துல உன் ஆட்ட அவுத்து வுட்டியா?"

"என் ஆட்டப் போன ஆடியிலயே வித்துட்டேன்! இத்தினி நாளா யார் ஆட்டுக்கு என்னைத் திட்டிக்கினு கீற?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது.

ராஜாம்பாள் குனிந்து நாற்காலிகளுக்கு அடியில் ஆட்டைத் தேடினார்.

தேடாதவர்கள் இரண்டு பேர்தான். கொளஞ்சியப்பன் ஒரு காலில் செருப்போடு, சட்டைப் பையில் கை வைத்தபடி நின்றார். செந்தமிழ்ச்செல்வி போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல் அறை வாசலுக்கு வந்தார். அவர் இவர் சட்டைப் பையைப் பார்த்தார். இவர் அவர் கையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு இருவரும் பச்சையம்மாளின் பையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எந்த நேரத்தில் எந்த ஆடு எதற்காகக் கத்தும் என்று அந்த வீட்டில் எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும்.

செந்தமிழ்ச்செல்வி உள்ளே போனார். சொம்பு உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அவர் உதட்டில் தண்ணீர் ஈரம் இருந்தது. கையில் இன்னொரு தம்ளர் தண்ணீர். தட்டு இல்லை, தலை குனியவும் இல்லை. நேரே வந்து கொளஞ்சியப்பனிடம் நீட்டினார்.

"தண்ணி குடிங்க," என்றார். "நேரமாயிடுச்சி."

கொளஞ்சியப்பன் தம்ளரை வாங்கினார். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்ததைப் பாக்கு போடுவது போல வாயில் போட்டு, தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். காலிலிருந்த செருப்பைக் கழற்றினார். வந்து உட்கார்ந்தார்.

பச்சையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் ஃபேன் ஓடவில்லை.

"பாத்தியாம்மா!" என்று ராஜாம்பாள் தேடுவதை விட்டுவிட்டுப் பச்சையம்மாளின் தோளில் ஒரு அடி வைத்தார். "பொண்ணுன்னா இதான் பொண்ணு! ஆம்பள கேக்காமலே தொண்ட காஞ்சிருக்கும்னு தெரிஞ்சி தண்ணி குடுக்குது! எங்க வூட்டுக்கு இதுதான். நட்சத்திரமாவது மண்ணாவது!"

"யக்கா," என்றார் கொளஞ்சியப்பன், "இன்னும் கொஞ்ச நேரம் பேசிட்டுப் போலாம்."

மறுபடி முருங்கை மரத்தடி. இந்தத் தடவை பச்சையம்மாள் ஜன்னலைச் சாத்திவிட்டார், என்னை எட்டிப் பார்க்கவும் விடவில்லை. பேச்சு முடியவே இல்லை. கேசரி முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். சொல்ல வேண்டியதை இருவரும் வாயால் சொல்லிக்கொண்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது கேட்டேன். "உண்மையச் சொல்லு. வேணும்னுதான நேரத்த இழுத்த?"

"எங்க மாரியாத்தா சத்தியமா இல்லண்ணே! எட்டரைக்கெல்லாம் கெளம்பணும்னுதான் இருந்தேன். தேங்கா ஒடச்சது யாரு, நானா? ஆடு சொன்னதுக்கு நான் பொறுப்பா?"

கல்யாணம் நடந்தது. பச்சையம்மாள் தாலி கட்டும் நேரத்தில் 'கெட்டிமேளம்' என்று கத்தியதில் மேளக்காரரே ஒரு நிமிஷம் பயந்து நிறுத்திவிட்டார். ராஜாம்பாள் தரகுக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் தினமும் காலையில் இரண்டு ஆடு கத்துவதைக் கேட்டு, குலசாமிதான் கிடா கேட்கிறது என்று முடிவு பண்ணி, ஒரு குட்டியையும் வாங்கிக் கட்டியிருக்கிறார். அது நாள் முழுக்கக் கத்துகிறதாம். ஒன்பது மணிக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லையாம்.

அடுத்த மாதம் என் ஜன்னலுக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள்.

"சீக்கிரம் குடுங்க சார். வெள்ளிமலைக்கு சவாரி கீது" என்றார் கொளஞ்சியப்பன். ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

"ஜீப்பு எங்கயும் போயிடாது, இருங்க" என்றார் செந்தமிழ்ச்செல்வி.

இரண்டு டப்பாவை எடுத்து நீட்டினேன். கொளஞ்சியப்பன் தோளில் மாட்டியிருந்த ரெக்சின் பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, ஜன்னல் கட்டையில் வைத்தார். பெங்களூருக்குப் போக இருந்த அதே பை.

"ரெண்டையும் இதுலயே போடுங்க சார்" என்றார்.